இருபத்துமூன்றாம் வீட்டுக்கு ஒரு சேதி

நீல மையில் ஒரு டிக், வால் சற்று நீண்டு கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு, இருபத்துமூன்று என்ற எண்ணுக்கும் செல்லக்கனி என்ற பெயருக்கும் நேராக, பதினோரு வருஷமாக அப்படியே இருக்கிறது, நோட்டின் தாள்களெல்லாம் பழுத்துவிட்டன, மற்ற வீடுகளுக்குப் போட்ட டிக்குகள் மங்கிவிட்டன, இது ஒன்று மட்டும் இன்று காலையில் போட்டதுபோல ஈரமாகத் தெரிகிறது என்று சுகிர்தத்துக்குத் தோன்றியது, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள், ஈரமில்லை, பழைய மைதான், நோட்டை மூடினாள், ஒரு நிமிஷத்துக்குள் கை தானாகத் திறந்தது. கோயிலை ஒட்டிய கூடத்தில் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருக்கின்றன, மைக்செட்காரர் ஹலோ ஹலோ என்று ஊதுகிறார், பின்பக்கம் அண்டாவில் ஆட்டுக்கறி கொதிக்கிற வாசனை, மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, தானியேல் வாத்தியார் வகையறா நாற்பத்தொரு வீடும் ஒன்றுகூடும் நாள், உள்ளே வருகிற ஒவ்வொருவரும் மடித்த தாள் ஒன்றை அவள் முன்னாலிருக்கும் எவர்சில்வர் தட்டில் போட்டுவிட்டுப் போகிறார்கள், என்னக்கா தந்தி ஆபீஸ் தெறந்தாச்சா என்று வருஷா வருஷம் கேட்கிற நாசரேத் தம்பி இந்த வருஷமும் கேட்டான், ஒனக்குத்தான் மொதத் தந்தி, கறி தீந்துபோச்சு என்று அவளும் வருஷா வருஷம் சொல்வாள், இன்று தட்டிலிருந்த சீட்டுகளை அடுக்கக் குனிந்துகொண்டாள்.

அந்தத் தாளுக்குச் சேதிச் சீட்டு என்று பெயர். வீட்டின் ஒரு வருஷம் அதற்குள் இருக்கும், பிறந்தது, பாஸானது, தாலி கட்டியது, கல்லறைக்குப் போனது, போனவரைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி நினைவு, சாப்பாட்டுக்கு முன்னால் சுகிர்தம் அவற்றை வயசு வரிசைப்படி வாசிப்பாள், எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோல, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் விடாமல், அது அப்பா வைத்த சட்டம். சேதி ஒரே வாயிலிருந்துதான் போகவேண்டும் என்பார் அப்பா, அவர் வாலிபத்தில் ஒரு கல்யாணச் சேதியை இரண்டு பேர் சொல்லப்போய், பாதிக் குடும்பம் வேறு ஊர்க் கோயிலுக்குப் போய் யாரோ ஒரு மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஞானப்பாட்டுப் பாடி, குத்துவிளக்கைப் பரிசாகக் கொடுத்து, பந்தியிலும் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம்தான் விஷயம் தெரிந்து திரும்பி வந்தார்களாம், அன்றிலிருந்து சாவோ வாழ்வோ ஒரே ஆள் சொல்லி, நோட்டில் டிக் விழுந்தால்தான் சேதி போய்ச்சேர்ந்ததாக அர்த்தம், வேறு யாரும் முந்திக்கொண்டு சொல்லக்கூடாது, சொன்னால் வரிசை கெட்டு ஏதாவதொரு வீடு முகத்தைத் தூக்கிக்கொள்ளும். அப்பாவுக்குப் பிறகு நோட்டும் மைப் பேனாவும் சுகிர்தத்திடம் வந்தன. அந்த ஒரு வாய் தவறினால் என்ன ஆகும் என்று மட்டும் அப்பா யோசிக்கவில்லை, நாற்பது வாய் இருந்தும் அந்த ஒரு வீட்டுக்குச் சேதி போகாது.

இருபத்துமூன்றாம் வீட்டுக் கனி தன் சீட்டைத் தட்டில் போடவில்லை. பத்து மணிக்கே கோவில்பட்டியிலிருந்து வந்து, சுகிர்தத்தின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள், எங்க அத்தையப் பத்தி எழுதியிருக்கேன்க்கா, நீ வாசிச்சாத்தான் எனக்கு ஆறும் என்றாள், மாமியாரை அவள் அத்தை என்றுதான் சொல்வாள், சுகிர்தத்தின் சித்தப்பா மகள், மூன்று வயதில் தகப்பனை இழந்து இவர்கள் வீட்டிலேயே வளர்ந்தவள், இப்போது தலை நரைத்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, சுகிர்தம் நிமிரும்போதெல்லாம் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. சீட்டில் கனியின் குண்டு குண்டான எழுத்து, எங்கள் அத்தை ஞானதீபம் அம்மாள் மார்ச் ஒன்பதாம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள், தேவாசீர் அண்ணன் இறந்தபோது சுகிர்தம் அக்கா போனில் சொன்ன சேதியை வாங்கிக்கொண்டு எனக்குச் சொல்லாமல் மறந்துவிட்டார்கள், அண்ணன் முகத்தை நான் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது, அதை நான் முழு மனதோடு மன்னித்துவிட்டேன், நீங்களும் மன்னிக்க வேண்டும். ஒன்பது முறை வாசித்தாயிற்று. கடைசி மூன்று வரியை விட்டுவிட்டால் என்ன, கண்ணாடி சரியில்லை என்று சொல்லிவிட்டால் என்ன, ஆனால் கனி உதட்டை அசைத்துக் கூடவே வருவாள், ஒரு சொல் விட்டாலும் தெரிந்துவிடும்.

போனை யாரும் எடுக்கவே இல்லை, அதுதானே உண்மை, மணி கூட அடிக்கவில்லை. அன்றைக்கு விடிகாலை நாலரைக்குச் சுகிர்தத்தின் உடன்பிறந்த தேவாசீர் அண்ணன் போனார், ஆறு மணிக்கு அவள் போன் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தாள், முதல் வீடு பொன்னையா பெரியப்பா, சொன்னாள், டிக், இரண்டாம் வீடு, சொன்னாள், டிக், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அலறல் எழும்பும், அது அடங்குமுன் அடுத்த எண்ணை அழுத்த வேண்டும், இருபத்திரண்டு அலறல்களுக்குப் பிறகு காது மரத்துப்போயிருந்தது, இருபத்துமூன்று, கனி வீடு, லைன் எங்கேஜ், ட்டு ட்டு ட்டு, அதற்குள் வாசலில் சபை ஐயர் வந்துட்டாங்க, அடக்க நேரம் கேக்காங்க என்று யாரோ கூப்பிட்டார்கள், எழுந்தாள், எழும்போதே கை பழக்கத்தில் டிக் போட்டது, அவசரத்தில் வால் நீண்டது, அப்புறம் திரும்பி உட்கார்ந்தபோது பேனா இருபத்துநான்கில் நின்றது. அடக்கத்தில் கனியைக் காணாதவர்கள், டிக் விழுந்த வீடு, வர முடியாமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து கனி வழக்கம்போல அண்ணன் செல்லுக்குப் போன் செய்தாள், சைக்கிள் ஓட்டப் பழக்கியவர், பரீட்சைக்குப் பஸ் ஏற்றிவிட்டவர், கல்யாணத்தன்று தகப்பன் இடத்தில் நின்று கையைப் பிடித்துக் கொடுத்தவர், எடுத்ததும் ஹலோ கூடச் சொல்லாமல், அண்ணே நீ குடுத்த முருங்கைக் கம்பு பூ விட்டிருக்குண்ணே, ஒரு கை பறிச்சுப் பொரிச்சேன், அடுத்த தடவ வரும்போது காய் கொண்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள், போனைப் பிடித்திருந்த அண்ணன் மகள் அழுகிற சத்தத்தைச் சிரிப்பு என்று நினைத்து, என்னண்ணே சிரிக்க என்றும் கேட்டிருக்கிறாள்.

பத்து நிமிஷம் கழித்து சுகிர்தத்துக்கு அந்தப் போன் வந்தது, ஏன்க்கா எனக்குச் சொல்லல, அவ்வளவுதான் கேட்டாள், சத்தம் போடவில்லை. சுகிர்தம் நோட்டைத் திறந்தாள், டிக் இருந்தது, டிக் இருந்தால் சொல்லியிருக்க வேண்டும், அந்த ஒரு நிமிஷம் அவளே அப்படித்தான் நம்பினாள், சொன்னேனே கனி, உங்க அத்தைதான் எடுத்தாங்க, சரிம்மான்னாங்களே என்று வாய் சொல்லிவிட்டது, சரிம்மா என்ற சொல்லைக்கூட வாய்தான் உண்டாக்கியது, சொல்லி முடித்த பிறகுதான் ட்டு ட்டு ட்டு காதுக்குள் கேட்டது, அதற்குள் அந்தப் பக்கம் கனி உடைந்து அழுதுகொண்டிருந்தாள், நீ சொல்லாம இருக்க மாட்டியேன்னு எனக்குத் தெரியும்க்கா என்றாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள், நாளை எட்டாம் நாள் ஜெபமானது, கிறிஸ்மஸானது, வருஷமானது. இரவு ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கிற இடம் வரும்போது அவளுக்கு உதடு மட்டும்தான் அசையும். பிள்ளைகள் இப்போது செல்லில் குடும்பக் குரூப் வைத்திருக்கிறார்கள், நோட்டு எதுக்கு அத்தை, குரூப்ல போட்டா ஒரு நொடியில எல்லாருக்கும் போயிரும் என்கிறாள் அண்ணன் மகள், போட்டால் எல்லோரும் பார்த்த பிறகு அதிலும் இரண்டு நீல டிக் விழுகிறது, அதைப் பார்த்ததும் சுகிர்தம் செல்லைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

ஒருமுறை கோவில்பட்டிக்குப் போயிருந்தாள், எப்போது, ஆறு வருஷம் இருக்குமா, அல்லது கனவில் போனதும் அதனோடு கலந்துவிட்டதா, முன்னறையில் போன் வழக்கமான மேசையில் இல்லை, கை எட்டாத உயரத்தில், அலமாரி உச்சியில் இருந்தது, அத்தை இனி போனைத் தொடக்கூடாது என்று வைத்தது, கனி எதுவும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது, ஞானதீபம் அத்தை மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், மணியடித்தபோது தலையைக்கூடத் தூக்கவில்லை, தனக்குச் சம்பந்தமில்லாத சத்தம்போல இருந்தார். புறப்படும்போது வாசல்வரை வந்து, ஒரு டப்பா முந்திரிக்கொத்தைக் கையில் திணித்து, அந்தக் கையை விடாமலே, நீ சொல்லியிருப்பம்மா, எனக்குத்தான் காதுல விழல, நீங்க ரெண்டு பேரும் எப்பவும்போல இருங்க, எனக்கு அது போதும் என்றார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, அந்தக் கண்களில் கண்டுபிடிக்க முடியவில்லை, பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள், நெருப்புச் சட்டியை வைத்திருப்பதுபோல, அதில் ஒன்றைக்கூட அவள் வாயில் வைக்கவில்லை. கனவில் மட்டும் அந்தப் போன் மணியடிக்கும், கிழவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்து, சொல்லும்மா என்பார், இந்தப் பக்கம் சுகிர்தத்துக்குக் குரல் எழும்பாது.

பெரியப்பா ஜெபம் பண்ணி முடித்தார், எண்பத்தாறு வயது, ஜெபத்துக்குள்ளேயே சமையலாட்களுக்காகவும் கறிக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னதில் கூடம் கொஞ்சம் சிரித்தது, ம், வாசிம்மா என்றார். அவள் வாசிக்கிறாள், முதல் வீட்டில் கொள்ளுப்பேத்தி, ஏழாம் வீட்டில் நர்ஸ் வேலை, பதினொன்றில் ஒரு மூட்டு அறுவைச் சிகிச்சை, பத்தொன்பதில் மாடு கன்று போட்டதையும் எழுதியிருக்கிறார்கள், கைதட்டினார்கள், இருபத்திரண்டு முடிந்தது, டம்ளர் தண்ணீரை முழுவதும் குடித்தாள். கனியின் சீட்டை விரித்தாள், எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோல வாசித்தாள், ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் விடவில்லை, நீங்களும் மன்னிக்க வேண்டும் என்று நிறுத்தினாள், கூடம் முழுவதும் ஒரே குரலில் ஆமென் என்றது.

அந்த ஆமென்தான் அவளை உலுக்கியது, நாற்பத்தொரு வீடும் சேர்ந்து, ஒரு தப்பும் செய்யாத கிழவியை மனமார மன்னிக்கிறது, முந்திரிக்கொத்து டப்பாவைத் திணித்த அந்தக் கையை மன்னிக்கிறது. இனி சொல்றது சீட்டுல இல்ல, நான் சொல்லுதேன் என்றாள், மைக்கில் தன் குரலே யாருடையதோ போலக் கேட்டது, அன்னைக்குக் கனி வீட்டுக்கு நான் சேதி சொல்லல, லைன் கெடைக்கல, சொல்லாமலே டிக் போட்டுட்டேன், அவங்க அத்தை எடுத்தாங்கன்னு சொன்னது பொய், நான் சொன்ன பொய். பெரியப்பா பாதி எழுந்து, பொறவு பேசிக்கிடுவோம்மா, நல்ல நாளும் அதுவுமா என்றார், இல்ல பெரியப்பா, பொறவு பொறவுன்னுதான் பதினோரு வருஷம் போச்சு, அவங்களும் போயிட்டாங்க என்றாள், அவர் மெல்ல உட்கார்ந்தார். கனி எழுந்து மேசைவரை வந்தாள், முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது. போன் வரவே இல்லியா. வரல. அத்தை எடுக்கவே இல்லியா. இல்ல கனி. கனி சீட்டை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போனாள், குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

மற்றப் பதினெட்டு வீட்டையும் சுகிர்தம் வாசித்தாள், யாரும் கேட்கவில்லை, அவளுக்கே கேட்கவில்லை, ஆனால் ஒரு வீட்டையும் விடவில்லை, இனி ஒரு வீட்டையும் விட முடியாது. நாசரேத் தம்பி குனிந்துகொண்டு அவளைக் கடந்து போனான், அண்ணன் மகள் தண்ணீர் டம்ளரை நிரப்பி வைத்துவிட்டு நகர்ந்தாள், அந்த டம்ளரே அவளுக்குப் பெரிதாக இருந்தது. கடைசிச் சீட்டை மடிக்கும்போது கனி திரும்பி வந்தாள், முகமும் முன்முடியும் நனைந்திருந்தன, அதே சீட்டை மேசையில் வைத்தாள், பழைய வரிகள் மூன்றும் அடிக்கப்பட்டு அடியில் புதிதாக எழுதியிருந்தது, இதையும் நீதான் வாசிக்கணும் என்றாள். சுகிர்தம் மைக்கை இழுத்துக்கொண்டாள், எங்கள் அத்தை மேல் ஒரு குற்றமும் இல்லை, போனை அவர்கள் கைக்கு எட்டாமல் மேலே தூக்கி வைத்தவள் நான், அவர்களிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இதற்கு யாரும் ஆமென் சொல்லவில்லை, பெரியப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்ன மன்னிச்சேன்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாதுக்கா என்றாள் கனி, மெதுவாக, மைக் எட்டாத குரலில், மன்னிச்சேன் மன்னிச்சேன்னு சொல்லித்தான் அவங்கள அத்தன வருஷம் மூலையில உக்கார வச்சேன். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள், திறந்து கிடந்த நோட்டைத் தன் பக்கம் திருப்பி, தன் பெயரைத் தேடி, டிக் மேல் விரலை வைத்தாள். அன்னைக்கு எங்கிட்டச் சொல்ல வேண்டியத இப்பச் சொல்லு. சுகிர்தத்துக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது, கனவில் எழும்பாத குரல் இப்போது எங்கிருந்தோ எழும்பியது, கனி, நான் சுகிர்தம் பேசுதேன், அண்ணன் போயிட்டாருட்டி, விடிகாலை நாலரைக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம், ஒடனே வந்துரு. வாரேன்க்கா என்றாள் கனி, நான் வாரவரைக்கும் பெட்டிய மூடிராதிய என்றாள், இருபத்திரண்டு வீட்டு அலறலோடும் சேராமல் பதினோரு வருஷம் தங்கிப்போன ஒரு அலறல் அப்போதுதான் அவளிடமிருந்து வெளிவந்தது, சாப்பிடப் போனவர்கள் வாசலில் நின்றார்கள், சுகிர்தம் அவள் தலையைத் தன் தோளோடு பிடித்துக்கொண்டாள், கனி தள்ளவில்லை. பந்தியில் இலை போடுகிற சத்தம் கேட்டது. யாருடைய கண்ணிலிருந்து என்று தெரியவில்லை, ஒரு சொட்டு நோட்டின் மேல் விழுந்து, அப்பாவின் பேனா மை கரைந்து, அந்த நீண்ட வால் மெல்ல மெல்ல அடுத்த கோட்டுக்குள் பரவியது, சுகிர்தம் கண்ணாடியைக் கழற்றினாள், துடைக்கவில்லை, விரலால் தொட்டுப் பார்த்தாள், ஈரம்.