மூணாவது மரக்கால்

லாபம்

உண்மையைச் சொல்லிடறேன். இது கதை எழுதணும்னு உட்கார்ந்து எழுதினதில்ல. ஒரு விண்ணப்பத்தை நிரப்ப முடியாம எழுதினது.

போன மாசம், 1986 ஜூன்ல, படப்பை டீக்கடையில பேப்பர் பார்த்துக்கினு இருந்தேன். 'இருமொழிக் கல்வி, இரண்டாம் மொழி கற்றல்: ஆய்வு வாய்ப்புகள். ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம்' என்று ஒரு விளம்பரம். நான் ஒரகடம் பக்கத்துல வாத்தியார். ஃபாரம் வரவழைச்சேன். பேர் எழுதினேன். வயசு எழுதினேன் (ரெண்டு குறைச்சு, விடுங்க). அஞ்சாவது வரி: தாய்மொழி. பேனா அங்கேயே நின்னுடுச்சு. கடைசித் தேதி வர்ற வெள்ளிக்கிழமை. அதனால ஃபாரத்தை ஓரமா வெச்சுட்டு, இதே மாதிரி ஒரு வரியில மாட்டிக்கிட்ட ஒரு டீச்சரைப் பத்தி எழுதறேன்.

(முதல் பகுதிக்கு 'லாபம்'னு ஏன் போட்டேன்? களத்துல நெல் அளக்கறப்போ முதல் மரக்காலை யாரும் ஒண்ணுன்னு சொல்லமாட்டாங்க. லாபம்னுதான் சொல்லுவாங்க. ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னால வேலை கீது.)

2

'வல்லக்கோட்டை முருகன் கோயில் மணி ஒலித்த அந்த' — வேணாம். மணியடிச்சு ஆரம்பிச்ச கதை எதுவும் எனக்கு உருப்பட்டதில்ல.

'அருள்மேரி டீச்சர் பொய்யே பேசாதவள்.' இதையும் அடிச்சுட்டேன். அவள் எழுதின ஒரு பொய்யாலதான் கதையே நடக்குது.

நேராவே வர்றேன். 1960, தை மாசம். வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒண்ணு. அங்கே மிஷன் பள்ளிக்கூடத்துல அருள்மேரிக்கு மூணாங்கிளாஸ். வயசு இருபத்தாறு. குன்றத்தூர்ல நோயாளி அம்மாவோட குடித்தனம், தினம் பஸ்ஸுல வந்து போவாள். அவளோட வகுப்புல அம்சவல்லின்னு ஒரு பொண்ணு, ரெண்டாவது வருஷமா அதே பெஞ்சு. ஏழும் எட்டும் எவ்வளவுன்னு கேட்டா விரலை மடக்குவாள், உதடு அசையும், அதுக்குள்ள மத்ததுங்க கத்திடும். பதிவேட்டுல 'மந்தம்' என்று எழுதிவெச்சார் ஹெட்மாஸ்டர் மரியஜோசப். இந்த வருஷமும் ஃபெயிலானா மாடு மேய்க்கத்தான்னு அவள் அப்பன் பலராமன் சொல்லிட்டான்.

அந்த உதட்டை அருள்மேரி மட்டும் உத்துப் பார்த்தாள். அது தெலுங்குல எண்ணுது. எண்ணி முடிச்சு, விடையைத் தமிழுக்கு மாத்தி, அப்புறம் வாயைத் திறக்குது. பொண்ணு மந்தமில்ல. ஒரே நேரத்துல ரெண்டு வேலை பார்க்குது. அது புரிஞ்ச அன்னைக்கு அருள்மேரிக்கு ராத்திரிச் சோறு இறங்கல.

3

மெட்ராஸ்ல ஒரு பயிற்சிக் கல்லூரி. அங்கே லீலான்னு ஒரு விரிவுரையாளர் அம்மா, வீட்டுல ஒரு பாஷை, பள்ளிக்கூடத்துல வேற பாஷைன்னு வளர்ற பிள்ளைங்களைப் பத்தி ஆராய்ச்சி ஆரம்பிச்சிருந்தார். முதல் மூணு வகுப்புக்குக் கணக்கை வீட்டு பாஷையில சொல்லிக்கொடுத்தா என்ன ஆகும்? அந்தக் காலத்துல இதைக் கேட்க ஆளே இல்ல. (இப்பவும் வரிசையில நிக்கறவங்க கம்மிதான். விளம்பரம் சும்மாவா வருது.)

அருள்மேரி கடுதாசி போட்டாள். பதில் வந்தது. வீட்டுல பேசறது என்ன பாஷைன்னு ஒரே தெருவுல நாப்பது வீட்டு ஃபாரம் வேணும். வீட்டு பாஷை வேறன்னு நிரூபணம் ஆனா ஆராய்ச்சி அவள் பள்ளிக்கூடத்துலதான். உதவி ஆய்வாளர் வேலையும் அவளுக்கே.

நாப்பது வீடும் ஏறி இறங்கினாள். நாப்பது வீட்டுலயும் ஒரே பதில்: தமிழ்.

"எங்க வூட்டுல தமிழ்தான் டீச்சரம்மா, வேற இன்னா பேசப்போறோம்?" என்றாள் அம்சவல்லியின் அம்மா சுந்தராம்பாள். சொன்ன வாய் மூடறதுக்குள்ள, முறத்தைக் கொத்த வந்த கோழியைத் தெலுங்குல வண்டி வண்டியாத் திட்டினாள்.

பலராமன்தான் விஷயத்தை உடைச்சான். "திருத்தணியாண்ட எல்லைக்கோடு மாத்தறாங்க. சில ஊரு இந்தாண்ட வருது, சில ஊரு அந்தாண்ட போவுது. நாங்க தெலுங்குன்னு காயிதத்துல எழுதிக்குடுத்தா, நாளைக்கே இந்தத் தெருவையும் அந்தாண்ட தள்ளிட்டா? நெலத்தைத் தூக்கிக்கினு போவ முடியுமா?"

"அது எங்கேயோ வடக்கே, அண்ணே. இந்தத் தெருவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நீங்க சொல்லுவீங்க. உங்களுக்கு இன்னா, தமிழ் டீச்சரு."

அருள்மேரிக்கு முகம் வெளுத்துப்போச்சு.

4

ஏன் வெளுத்துச்சுன்னு நான் அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லாம இழுத்தடிச்சது என் தப்பு. இதோ சொல்றேன்.

அவள் வீட்டுலயும் தெலுங்குதான். ஆறு வருஷம் முன்னால இந்த வேலைக்கு மனு போட்டப்போ, தெலுங்குன்னா தமிழ் சொல்லிக்கொடுக்க விடமாட்டாங்கன்னு பயந்து, 'தாய்மொழி: தமிழ்' என்று எழுதிட்டாள். பள்ளிப் பதிவேட்டுல இன்னைக்கும் அப்படித்தான் கீது.

இந்த இடத்துல அவள் மேல எனக்கே சந்தேகம். பிள்ளைக்காக வீடு வீடா அலைஞ்சாளா, மெட்ராஸ் வேலைக்காகவா? ரெண்டும்தான்னு நினைக்கறேன். மனுஷி தானே.

5

வியாழக்கிழமை, பலராமன் களம். மறுநாள் காலை பஸ்ஸுல ஃபாரங்கள் போயாகணும். கடைசியா ஒரு தரம் கேட்டுப் பார்க்கலாம்னு அருள்மேரி போனாள். அடிச்சுத் தூத்தின நெல் பொலியாக் குவிஞ்சு கிடந்தது. தெருவே நின்னுக்கினு இருந்தது. பலராமன் மரக்காலை முக்கி எடுத்தான்.

"லாபம்."

ரெண்டு பாஷையிலும் அது லாபம்தான். சாக்குல கொட்டினான்.

"ரெண்டு."

அதுவும் ரெண்டு பாஷைக்கும் பொது. மூணாவது மரக்காலை நிரப்பித் தூக்கினவன் டீச்சரைப் பார்த்துட்டான். வாய் திறந்தது திறந்தபடி நின்னான். பொறந்ததிலேர்ந்து தெலுங்குல அளந்தவன். தமிழ்ல சொல்லிடலாம், ஆனா மூணுங்கற சொல்லு அந்த நேரம் பார்த்து நாக்குக்கு வரமாட்டேங்குது.

எண்ணிக்கை நடுவுல அறுந்தா பொலியில இருக்கற லச்சுமி எழுந்து போயிடுவாள்னு அந்தத் தெருவுல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். சுந்தராம்பாள் நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டாள். மரக்கால்லேர்ந்து நெல்லு பொலபொலன்னு சிந்துது. அம்சவல்லி அழுற மாதிரி டீச்சரைப் பார்க்குது. ஐயோ, ஒரு வருஷத்து உழைப்பு என்னால அறுந்துபோச்சேன்னு அருள்மேரி பதறினாள்.

"மூடு" என்றாள். தெலுங்குல மூணு.

அவள் சொல்லணும்னு சொல்லல. அது தானா வந்துடுச்சு.

பலராமன் கை தானா கொட்டிச்சு. "நாலுகு" என்றான். அதுக்கப்புறம் அளவு நிக்கவே இல்ல.

6

அளந்து முடிச்சதும் சுந்தராம்பாள்தான் முதல்ல வாயைத் திறந்தாள். "அடிப்பாவி! நீயுமா?"

அருள்மேரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஆமாக்கா. நானும்தான்."

"எங்க புள்ள விரல மடக்கிக்கினு நின்னப்போ நீ பார்த்துக்கினுதானே இருந்தே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?"

அருள்மேரி குனிஞ்சு, சிந்திக் கிடந்த நெல்லைக் கூட்டி அள்ளினாள். (அவள் பதிலை நாலு விதமா எழுதிப் பார்த்துக் கிழிச்சேன்.)

பலராமன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கினு வந்தான். "எழுதுங்க டீச்சரம்மா. நாப்பது வூடும் தெலுங்குன்னே எழுதுங்க. நான் தெருவுக்குச் சொல்றேன். ஆனா கட்டுல முதல் ஃபாரம் உங்களுது. அதுல நீங்க இன்னா எழுதறீங்களோ, அதான் எங்களுதும். உங்களுது இல்லாம இந்தக் கட்டு பஸ் ஏறக்கூடாது."

7

வெள்ளிக்கிழமை காலை. பஸ் வர்ற நேரம். பள்ளிக்கூட மேசையில நாப்பது ஃபாரம், மேல ஒண்ணு. கையெழுத்துப் போட மரியஜோசப் உள்ளே காத்திருக்கார். பேர், வயசு, ஊர், வேலை எழுதியாச்சு. அஞ்சாவது வரி. உண்மையை எழுதினா, பொய் சொல்லி வேலைக்கு வந்தவள்னு இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பலாம். அம்மாவோட மருந்தும் நிக்கும். தமிழ்னு எழுதினா நாப்பதும் தமிழாயிடும், ஆராய்ச்சி இல்ல, அம்சவல்லி மாட்டுக்குப் பின்னால போவாள்.

முடிவு அ: அவள் உண்மையை — இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அதனாலயே நம்பிக்கை வரல.

முடிவு ஆ: அவள் ஃபாரக் கட்டைத் தூக்கி அடுப்புல — இல்ல. எனக்குக் கை வரல.

முடிவு இ: பஸ் வராமலேயே — சீ, கோழைத்தனம்.

எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன். எனக்கும் இன்னைக்கு வெள்ளிக்கிழமைதான். என் ஃபாரமும் மேசையிலதான் கீது.

எனிமிதி

பகுதிக்கெல்லாம் எழுத்துல போடாம எண்ணாப் போட்டுக்கினு வந்தேன், கவனிச்சீங்களா? 2, 3, 4ன்னு போட்டா மனசுக்குள்ள எந்த பாஷையில எண்ணினேன்னு உங்களுக்குத் தெரியாது. எண்ணக் கத்துக்கிட்ட நாள்லேர்ந்து இப்படித்தான் தப்பிச்சுக்கினு வந்தேன். இந்தப் பகுதியை மட்டும் எண்ணின மாதிரியே எழுதிட்டேன். தெலுங்குல எட்டு.

பலராமன் எங்கப்பா. அம்சவல்லி என் அக்கா. அன்னைக்குக் களத்துல அம்மா இடுப்புல நான் இருந்தேனாம். டீச்சர் அந்த வரியில என்ன எழுதினாங்கன்னு அக்காகிட்ட எத்தனையோ தரம் கேட்டேன். ஒரு தரம் ஒண்ணு சொல்லும், மறு தரம் வேற சொல்லும். போன வாரம் கேட்டதுக்கு, "நீ முதல்ல உன்னுத எழுதுடா, அப்புறம் அவங்களுத கேளு" என்றது.

என்னுத எழுதிட்டேன். மேல பாருங்க, இந்தப் பகுதிக்குத் தலைப்பா கீது. அந்த பாஷை பேரையே ஃபாரத்துலயும் எழுதிக் கவரை ஒட்டியாச்சு.

அருள்மேரி டீச்சரோட வரி காலியாவே கீது. பஸ் ஹாரன் அடிக்குது, மரியஜோசப் உள்ளேர்ந்து கூப்பிடறார், வாசல்ல அம்சவல்லி விரலை மடக்காம நின்னுக்கினு இருக்காள். பேனாவை உங்ககிட்ட தர்றேன். ஆனா அவங்களுக்கு எழுதறதுக்கு முன்னால, உங்க வரியை நிரப்பிடுங்க.

தாய்மொழி: ........................