தாராவியில் நாற்று விட்டவர்

மரியசூசை சேற்றில் கால் வைத்து இருபது வருஷமாகிறது என்று சொன்னால் தாராவிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எங்கள் சந்தில் கிடப்பது சேறு இல்லாமல் சந்தனமா என்று கேட்பார்கள். சரி, வயல் சேறு என்று திருத்திக்கொள்வோம். தோல் பட்டறையில் எடுபிடியாய்ச் சேர்ந்து, பிறகு தோல் வெட்டப் பழகி, இப்போது சொந்தமாகவே ஒரு கார்கானா வைத்துப் பை தைத்துக் கொடுக்கிறார். நெற்கதிரை அவர் கடைசியாகப் பார்த்தது நாள்காட்டியில். ஆனாலும் நாலு பேர் கூடும் இடத்தில், "நமக்கு விவசாயந்தான் வே உசுரு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டாமல் எழுந்திருக்க மாட்டார்.

அந்த உசுருக்குக் காரணம் உண்டு. மனைவி லூர்து மேரிக்குச் சீதனமாகச் சொந்த ஊர் மாதாகுளத்தில் ஒரு வயல் இருந்தது. அவள் தம்பி தனசீலன் பக்கத்திலிருந்த தன் வயலோடு சேர்த்து அதையும் உழுது நட்டு, வருஷா வருஷம் அரிசி அனுப்பிக்கொண்டிருந்தான். தனசீலன் வியர்த்தான், மரியசூசை விவசாயியாக இருந்தார்.

எண்பத்தாறாம் வருஷம் மாதா திருநாளுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போன இடத்தில் கூட்டுறவு சொசைட்டி செயலாளர் ஒரு புது விஷயம் சொன்னார். பயிர்க்கடன் வாங்கினால் பயிர் இன்சூரன்சும் கூடவே ஒட்டிக்கொண்டு வருமாம். விளைச்சல் விழுந்தால் அந்தப் பணம் வந்து கடனைக் கழித்துவிடுமாம்.

"ஆனா ஒம்ம வயலு மட்டும் கருகுனா காலணா கெடையாது. ஒன்றியம் பூரா கருகணும்" என்றார் செயலாளர்.

"எங்க வயல வந்து பாப்பாகளா?" என்று கேட்டார் மரியசூசை.

"அங்கன இங்கன சில வயல அறுத்து எடை போட்டு, சராசரி எடுப்பாக. ஒம்ம வயலத் தேடியா வரப் போறாக?"

அந்த ஒரு வாக்கியத்தில் மரியசூசைக்கு ஞானம் பிறந்துவிட்டது. யாரும் வந்து பார்க்காத வயலில் எதற்காக நட வேண்டும்? லூர்து மேரியிடம், "ஒன் தம்பிக்குச் செலவுக்கு வேணும்லா" என்று சொல்லிக் கடன் தாளில் கையெழுத்து வாங்கினார். தம்பியிடம் போய், "மாப்ள, இந்த வருசம் எங்க வயலத் தரிசாப் போடு. மண்ணுக்கும் ஓய்வு வேணும்" என்றார். மண்ணின் மேல் அத்தானுக்கு இவ்வளவு கரிசனமா என்று தனசீலன் உருகிப்போனான். கடன் பணம் பம்பாய்க்கு ரயிலேறியது. கார்கானாவில் இரண்டு புதுத் தையல் மிஷின் வந்து இறங்கின. பை வாங்கும் சேட் கொடுத்த அட்வான்ஸ் என்று லூர்து மேரி நம்பினாள்.

இனி மழை பெய்யாமல் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

மழை பெய்து ஒன்றியம் விளைந்துவிட்டால் கடன் அப்படியே தலையில் நிற்கும். சொசைட்டி அவள் வயலைத்தான் பிடிக்கும். அப்போது, நடாத வயலுக்கு ஏன் கடன் வாங்கினீர்கள் என்று லூர்து மேரி கேட்பாள். சொசைட்டியைச் சமாளித்துவிடலாம், லூர்து மேரியைச் சமாளிக்க முடியாது. ஆகவே மரியசூசை தினமும் தாதர் ஸ்டேஷனுக்குப் போய், மெட்ராஸிலிருந்து வரும் வண்டியில் ஊர்க்காரர் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்து நின்றார்.

"ஊர்ல மழ உண்டா?"

"எங்க அண்ணாச்சி! காக்கா குடிக்கக்கூடக் குளத்துல தண்ணி இல்ல."

அதைக் கேட்டு அவர் கண் கலங்கிவிடும். சொன்னவனுக்கு உடனே டீயும் பாவ் ரொட்டியும் வாங்கிக் கொடுப்பார். விஷயம் சந்து சந்தாகப் பரவியது. ஊர்ப் பற்று என்றால் மரியசூசை அண்ணாச்சியிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்த ஓநாய்க்கு ஆடு காய்கிறதே என்று அழுகை, அவ்வளவுதான் வித்தியாசம்.

புரட்டாசியில் மாதாகுளம் ஊர்நலச் சங்கம் கூடியது. சங்கச் செயலாளர் தளவாய், தாராவியிலும் ஒரு மழைப் பூசை வைத்துவிடுவோம் என்றார். அவர் கும்பிடுவது சுடலைமாடனைத்தான், ஆனால் மழை விஷயத்தில் மாதாகுளத்துக்காரர் எல்லாரும் மாதாவிடம்தான் போவார்கள். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று மன்றாட்டுச் சொல்பவன் அந்த வருஷம் நாற்று விட்டவனாக இருக்க வேண்டும். மண்ணில் விதை போடாதவன் வானத்தைக் கேட்கக் கூடாது. கேட்டால் செபம் செல்லாது.

தளவாய் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒருவர் வயலை விற்று இங்கே பாண்டுப்பில் அறை வாங்கியிருந்தார். ஒருவர் அடகு வைத்து மகனைத் துபாய்க்கு அனுப்பியிருந்தார். மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள்.

"எங்க வயல்ல நாத்து விட்டாச்சே!" என்று பெண்கள் பக்கமிருந்து லூர்து மேரியின் குரல் வந்தது. அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு மரியசூசை அவசரமாக எழுந்தார். மறுக்க வாய் திறப்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது.

பூசை அன்று பம்பாயில் பேய் மழை. சாக்கடை எது, சந்து எது என்று தெரியவில்லை. வேட்டியைத் தொடைவரை தூக்கிக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், மாதா சுரூபத்துக்குப் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, மழை கேட்டுப் பவனி போனார்கள். வீட்டுக்குள் புகுந்த தண்ணீரைத் தட்டால் வாரி ஊற்றிக்கொண்டிருந்த மராட்டிக்காரி ஒருத்தி என்ன விசேஷம் என்று கேட்டாள். பாரிஷ் மாங்க்தே ஹை, மழை கேட்கிறோம் என்று தளவாய் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு, கையிலிருந்த தட்டாலேயே இவர்கள் பக்கம் தண்ணீரை வாரி வீசினாள்.

மரியசூசை முழங்காலில் நின்றார். தண்ணீர் இடுப்புவரை இருந்தது. "இரக்கமுள்ள தாயே! எங்கள் குளம் காய்ந்து கிடக்கிறது, எங்கள் நாற்று வாடிக் கிடக்கிறது" என்று தொடங்கினார். நல்ல குரல் அவருக்கு. 'தாயே, நான் சத்தமாய்ச் சொல்வதைத் தயவுசெய்து காதில் வாங்காதேயும்' என்று உள்ளே இன்னொரு மன்றாட்டும் ஓடியது. வெளிச்செபத்துக்குக் கூட்டம் அழுதது. தளவாய் மூக்கைச் சிந்தினார். யாரோ குடைக்குள் டேப் ரிகார்டரைப் பிடித்து அத்தனையையும் பதிவு செய்தார்கள். அந்தக் கேசட் அடுத்த வண்டியில் ஊருக்குப் போனது.

மழை பெய்யவில்லை. ஐப்பசி பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது. ஒன்றியமே கருகிவிட்டது என்று செய்தி வந்த அன்று லூர்து மேரி சாப்பிடவில்லை. கல்யாணத்தின்போது அவள் அப்பா தந்தது அந்த வயல் ஒன்றுதான். அதன் பயிரெல்லாம் கருகிக் கிடப்பதை நினைத்து நினைத்து அழுதாள். "ஆண்டவன் சித்தம், அழாத" என்று மரியசூசை முதுகைத் தடவிக் கொடுத்தார். அந்தக் கை கொஞ்சமும் கூசவில்லை.

மறு ஆடியில், இன்சூரன்ஸ் வந்து கடன் கழிந்துவிட்டது என்று சொசைட்டியிலிருந்து தகவல் வந்தது. மரியசூசை கார்கானா ஆட்களுக்கெல்லாம் ஜிலேபி வாங்கினார். ஏன் என்று கேட்டவர்களிடம் மாதாவின் கிருபை என்றார். மிச்சத்தைப் பொட்டலமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு துணிப்பையோடு தனசீலன் உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாய் இருந்தான்.

"இந்த ஆடியில கார் நடவுக்கும் தண்ணியில்ல அத்தான். அதான் ஒங்க கார்கானாவுல எதாச்சும் வேல..." என்று இழுத்தான்.

லூர்து மேரி அவனை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். "நம்ம ரெண்டு வயலும் சுத்தமாப் போயிட்டோல?" என்று கேட்டாள்.

மரியசூசை அவசரமாக, "வந்த புள்ளகிட்ட அதெல்லாம் எதுக்கு? சாப்பிடட்டும்" என்றார்.

"ரெண்டும் போயிட்டுக்கா" என்றான் தனசீலன். பிறகு அத்தான் பக்கம் திரும்பி, குற்றம் செய்தவன் போலத் தலையைக் குனிந்துகொண்டான். "அத்தான், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க தரிசாப் போடச் சொன்னீக. நான் கேக்கல."

"என்னல சொல்லுத?" என்றாள் லூர்து மேரி.

"கோயில்ல மைக் வச்சு அத்தான் கேசட்டப் போட்டாகக்கா. ஊரே அழுதுட்டு. எனக்கு மட்டும் பக்குனு ஆயிட்டு. அத்தான் வயலு தரிசால்லா கெடக்கு! நாத்து விடாதவரு கேட்டா செபம் செல்லாதே, மாதா முன்னால அவரு சொன்னது பொய்யாயிருமேன்னு மறுநாளே அவரு வயல்லயும் நாத்து விட்டேன். எம் பொஞ்சாதி கம்மல வித்துத்தான் வெத வாங்குனேன். அறுத்து, அரிசி மூட்டையோட வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

மரியசூசையின் கையில் ஜிலேபிப் பொட்டலம் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.

"ஒனக்கு இன்சூரன்சு வந்துச்சா?" லூர்து மேரி தம்பியைத்தான் கேட்டாள், பார்த்தது புருஷனை.

"எனக்கு எப்படிக்கா வரும்? சொசைட்டில கடன் எடுத்தவுகளுக்குத்தானே. நான் எம் வயலுக்கு வெளியிலல்லா வட்டிக்கு வாங்குனேன்."

"தரிசாக் கெடக்க வயலுக்கு எதுக்குக் கடன் எடுத்தீக?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். மரியசூசை மேலே பார்த்தார். அங்கே தகரக் கூரைதான் இருந்தது.

அவர் முழிப்பதைப் பார்த்துத் தனசீலனுக்குத்தான் பொறுக்கவில்லை. "அத்தான ஏசாதக்கா. பாவம், அவரு எவ்வளவு உருகிக் கேட்டாரு! அப்படிக் கேட்டும் மழ வரலன்னா, அந்த நாத்தத் தொட்ட எங் கையிலதான் ஏதோ பாவம் இருக்கு. ஊர்லயும் அப்படித்தான் சொல்லுதாக. எம் பொஞ்சாதிகூட அப்படித்தான் நெனைக்கா. அதான் இனி வயல்ல எறங்கலன்னு வந்துட்டேன்."

சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தான். மரியசூசைக்கு அன்றுதான் வெட்கம் வந்தது. எங்காவது எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது, ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு லூர்து மேரி உட்கார்ந்திருந்தாள்.

அவள் தம்பியின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"மழ பெஞ்சிருந்தா அந்தக் கடன் கழிஞ்சிருக்காதுல்லா. நீங்க உள்ளுக்குள்ள மாதாகிட்ட என்ன கேட்டீகன்னு, எங்க ரெண்டு பேருகிட்டயும் அதே கொரல்ல சொல்லுங்க" என்றாள்.