வலது கை நான்கு அங்குலம்

அந்த ஊரில் இருபது வயதைக் கடந்த எல்லோருக்கும் வலது கை இடது கையைவிட நான்கு அங்குலம் நீளமாக இருந்தது. இடது கைப் பழக்கம் உள்ள ஏழு பேருக்கு மட்டும் இடது கை நீளம். நான்கில் இரண்டு அங்குலம் முழங்கைக்கு மேலே, இரண்டு கீழே. ஊர்த் தையல்காரி டேப் வைத்து அளந்து சொன்னது இது, அதனால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. காரணமும் எல்லோருக்கும் தெரியும். ஊர் ஸ்டேஷனில் பிளாட்பாரம் கிடையாது. ஒற்றைத் தண்டவாளத்தில் காலையில் ஒரு ரயில் நகரத்துக்குப் போகும், மாலையில் ஒன்று திரும்பி வரும், இரண்டும் ஒரே நிமிடம்தான் நிற்கும். ஜல்லி மேட்டில் நின்றால் பெட்டியின் வாசல் நெஞ்சு உயரத்தில் இருக்கும். முதலில் தொற்றி ஏறியவர் திரும்பிக் குனிந்து கீழே நிற்பவருக்குக் கை நீட்ட வேண்டும். அவர் ஏறியதும் அடுத்தவருக்கு நீட்ட வேண்டும். இது நாற்பது வருட வழக்கம். கை நீட்டாமல் உள்ளே ஓடி ஜன்னலோரம் இடம் பிடித்த ஒரே ஒருவருக்கு அந்த ஊரில் கடைசிவரை யாரும் பெண் கொடுக்கவில்லை. ஒரு சுவருக்காகக் கோர்ட்டுக்குப் போய்ப் பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகூட, ஏழு ஐந்துக்கு ஒருவரை ஒருவர் இழுத்து ஏற்றிவிட்டு ஏழு ஆறுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்படி நாற்பது வருடம் தினமும் இழுத்தால் கை நீளாமல் என்ன செய்யும்?

நீண்டதால் கெடுதல் ஒன்றும் வந்துவிடவில்லை. வாலிபால் கோப்பை வெளியூருக்குப் போனதே இல்லை. பரணில் இருப்பதை எடுக்க யாரும் ஸ்டூல் தேடியதில்லை. கடைத்தெருவில் ரெடிமேட் சட்டைக் கடை போட்டவர் மட்டும் மூன்றே மாதத்தில் மூட்டை கட்டினார். "ஊருக்கே ஒரு கை மட்டும் வளர்ந்திருக்குன்னு முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று கட்டிடக்காரரிடம் கத்திவிட்டுப் போனார். ஆகவே ஊரின் சட்டைகள் எல்லாம் அந்தத் தையல்காரியின் கையில்தான் பிறந்தன. ஊர் அவரைத் தையலக்கா என்றது. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. வீட்டின் முன்னறையில் கையால் சுற்றும் மெஷினுக்கு முன்னால், இரண்டு சைக்கிள் சக்கரம் வைத்து அண்ணன் செய்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சுவர் ஆணியில் பழுப்புக் காகிதத்தில் வெட்டிய அளவுகள் தொங்கும், ஏழைத் தவிர எல்லாவற்றிலும் வலது கை நீளம். தெருமுனையில் ஒருவர் திரும்பும்போதே அவருடைய கழுத்தளவைச் சொல்லிவிடுவார். வாயும் கத்தரிக்குச் சளைத்ததில்லை. ஊரில் இரண்டு கையும் சமமாக இருந்த பெரியவர் அவர் ஒருவர்தான், ஏனென்றால் அவர் ரயில் ஏறியதில்லை.

ஒரே ஒரு தடவை ஏற்றப் பார்த்தார்கள். பதினான்கு வருடத்துக்கு முன்னால் நகரத்தில் நடந்த உறவுக்காரக் கல்யாணத்துக்கு, அண்ணன் அவரைத் தூக்கித் தோளுக்கு உயர்த்தினார், மேலேயிருந்து நான்கு கைகள் இழுத்தன. ரயில் நகர்ந்துவிட்டது. மேலே இருந்தவர்கள் விடவில்லை, அண்ணன்தான் கால் இடறி விட்டுவிட்டார். தையலக்கா ஜல்லியில் விழுந்தார். புதுப் புடவை கிழிந்தது, முன்பல் ஒன்று போனது, அதைவிடக் கொடுமை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நாலு பேர் அவரை மூட்டை மாதிரித் தூக்கி வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். அன்று அவர் அழவில்லை. "இனிமே யாரும் என்னைத் தூக்கக் கூடாது. என் சக்கரத்தை நானே உருட்டிக்கிட்டு ஏற முடியுற அன்னிக்கு ரயிலேறுவேன். இல்லேன்னா வேண்டாம்" என்றார். அண்ணன் கொத்தனார், ஊரிலேயே கைராசிக்காரர் என்று பெயர். அந்த நாளுக்குப் பிறகு தங்கையின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதே இல்லை. மெஷினைப் பார்த்துத்தான் பேசுவார்.

இரட்டைத் தண்டவாளம் வரப்போகிறது, மின்சார ரயில் ஓடப்போகிறது, ஊருக்கு நிஜப் பிளாட்பாரம் கட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேர் சிரித்தார்கள். ஆனால் ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்கு முன்னால் ஒரு இன்ஜினியரம்மா வந்தார். மஞ்சள் தொப்பியும் சேறு படிந்த பூட்சுமாக, ஒரு நாளைக்கு எட்டு மைல் நடப்பார். உள்ளூர்க்காரர்களையே வேலைக்கு எடுத்தார். தங்கள் ரயிலுக்குத் தாங்களே பாதை போட வேண்டும், அதற்குச் சம்பளமும் உண்டு என்றால், கரும்பு தின்னக் கூலியா என்று ஊரே கிளம்பியது. நீளக் கைகளால் ஜல்லி வாரிப் போடும் வேகத்தைப் பார்த்து வெளியூர் மேஸ்திரிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று வருடத்தில் முடிப்பதாகச் சொன்ன வேலை இரண்டு வருடத்திலேயே முடிகிற நிலைக்கு வந்தது. ஆற்றின் குறுக்கே புதுப் பாலம் எழுந்தது. கம்பங்கள் நட்டார்கள், கம்பி இழுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஊர் ஆள் ஒருவர் அங்கே படுத்திருந்தபோது, அவர் சட்டையை ஒரு டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, ஆனால் தோளில் ஒரு சுருக்கம் இல்லை. செயற்கைக் கை கால் பொருத்தும் பிரிவு அவருடையது. அங்கே வருகிறவர்களில் யாருக்கும் கடைச் சட்டை பொருந்தாது. இப்படி வெட்டத் தெரிந்த ஆளைத்தான் இத்தனை வருடமாகத் தேடுகிறோம், வந்து வேலையில் சேருங்கள் என்று எழுதியிருந்தார். தையலக்கா இரண்டு முறை தவணை கேட்டார். பஸ்ஸில் போகலாம் என்றால் சாலை ஆற்றைச் சுற்றிக்கொண்டு ஐந்து மணி நேரம், அதற்கும் மூன்று படி. மூன்றாவது கடிதத்தில் ஒரு திங்கட்கிழமையைக் குறித்திருந்தார்கள். அன்று காலை பத்து மணிக்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்றும் எழுதியிருந்தார்கள். புது ரயில் முதல்முதலாக ஓடப்போவதும் அதே திங்கட்கிழமை காலைதான். தையலக்கா கடிதத்தை மடித்து மெஷின் டிராயரில் பாபின்களோடு வைத்தார். தினமும் எடுத்துப் படித்தார் என்று ஊர் சொன்னது. எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவு புது ரயிலின் கடைசிப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. ஆகவே பிளாட்பாரத்தின் கடைசி அறுபது அடியை யார் கட்டுவது என்ற கேள்விக்கே இடமில்லை. "என் தங்கச்சி ஏறுற இடம். வேற எவனும் கரண்டி வெக்கக் கூடாது" என்றார் கொத்தனார் அண்ணன். இன்ஜினியரம்மா பாலத்து வேலையில் மாட்டிக்கொண்டிருந்த மூன்று வாரத்தில் ராப்பகல் பாராமல் கட்டி முடித்தார். தண்டவாளத்திலிருந்து மூன்றடி உயரம் என்று வரைபடத்தில் இருந்தது. இன்ஜினியரம்மா கொடுத்த டேப்பை அவர் பெட்டியில் பூட்டி வைத்தார். முக்கியமான வேலைக்குப் போய் யாராவது இரும்பை நம்புவார்களா? மூன்றடி என்றால் இரண்டு முழம். தன் வலது கையால் இரண்டு முழம் போட்டார், ஒவ்வொரு அடிக்கும் மூன்று தடவை சரிபார்த்தார், ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்தது. அந்த ஊரில் முப்பது வருடமாக எல்லாச் சுவரும் அந்தக் கையால் அளந்தவைதான். சுவரும் கதவும் அலமாரியும் ஒரே கையின் அளவு என்பதால் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ரயிலை மட்டும் வேறு எங்கோ செய்திருந்தார்கள்.

சனிக்கிழமை இன்ஜினியரம்மா வந்து டேப்பை வைத்தார். நிமிர்ந்தார். மறுபடி வைத்தார். கடைசி அறுபது அடியும் நான்கு அங்குலம் உயரமாக இருந்தது.

"நாலு அங்குலம்தானே மேடம், ஒரு பலகை போட்டுக்கலாம்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"பலகை போட முதல்ல கதவு திறக்கணும் சார். கதவுக்கு அடியில இருந்து ஒரு தகடு நீளும். அது பிளாட்பாரத்து மேல போய் உட்கார்ந்தாத்தான் கதவு திறக்கும். இப்ப அது சுவத்துல முட்டும்."

"இடிச்சுக் கட்டினா?"

"மூணு வாரம்."

கொத்தனார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நாலு பேர் ஆறுதல் சொன்னார்கள், ஆனால் சறுக்கியது ஒரே தங்கையிடம் இரண்டாவது தடவை. வீட்டுக்குப் போனவர் வாசற்படியிலேயே நின்றார். செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. தையலக்கா மெஷினை நிறுத்தி, அண்ணனின் வலது கையைப் பிடித்து முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை டேப்பை ஓட்டினார். பதினெட்டு இருக்க வேண்டிய முழம், இருபது அங்குலம்.

"உன் அளவு தப்பில்லண்ணே. உன் கைதான் தப்பு. எத்தனை பேரை இழுத்துவிட்ட கை" என்றார். பிறகு, "திங்கக்கெழமை நான் வருவேன். கதவு திறந்தா ஏறுவேன், திறக்கலேன்னா திரும்பி வருவேன். நீ மட்டும் என்னைத் தூக்காதே" என்றார். பதினான்கு வருடத்துக்குப் பிறகு அண்ணன் தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான். பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

திங்கட்கிழமை ஏழு நாற்பதுக்குப் புது ரயில் வந்தது. சத்தமே இல்லை. ஊரே பிளாட்பாரத்தில் நின்றது. முன்பெட்டிகளின் தகடுகள் நீண்டு உட்கார்ந்தன, கதவுகள் திறந்தன, முதல்முறையாக மக்கள் வீட்டுக்குள் போவதுபோல நடந்து ரயிலுக்குள் போனார்கள். கடைசிப் பெட்டியின் தகடு மட்டும் சுவரில் முட்டிப் பின்வாங்கியது. மறுபடி முட்டியது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. ரயில் நிற்பது இரண்டு நிமிடம். தையலக்கா மடியில் கத்தரியும் கடிதமும் வைத்துக்கொண்டு கதவுக்கு நேராக நாற்காலியில் இருந்தார். அப்போது கொத்தனார் அண்ணன் விளிம்பில் மண்டியிட்டார். அவர் எதையும் யோசித்துச் செய்யவில்லை என்று பிறகு சத்தியம் செய்தார். கீழே நிற்பவருக்குக் குனிந்து கை நீட்டுவது நாற்பது வருடப் பழக்கம். அன்று அந்த இடத்தில் எல்லோரையும்விடக் கீழே நின்றது ரயில்தான். கதவுக்கு அடியில் இருந்த விளிம்பை வலது கையால் பிடித்தார். அவருக்குப் பக்கத்தில் கோர்ட்டு அண்ணன் பிடித்தார், அவருக்குப் பக்கத்தில் கோர்ட்டுத் தம்பி. முன்பெட்டிகளில் ஏறியவர்கள் இறங்கி ஓடிவந்து பிடித்தார்கள். ஆசிரியை, முடிதிருத்துபவர், இடது கைக்காரர்கள் ஏழு பேர், கல்யாணமாகாத அந்த ஜன்னலோர ஆள்கூட. யாரும் ஒன்று இரண்டு எண்ணவில்லை. ரயில் எழுந்தது. கடைசிப் பெட்டியோடு சேர்ந்து எட்டுப் பெட்டியும், தண்டவாளத்தை விட்டு, மெதுவாக, ஒரு ஆள் ஏறிவருவதுபோல எழுந்தது. எதிர்ப்பக்கத்து வெயில் சக்கரங்களுக்கு அடியில் நுழைந்து இந்தப் பக்கம் வந்து விழுந்ததை ஸ்டேஷன் மாஸ்டர் குனிந்து பார்த்தார். இன்ஜினியரம்மா டேப்பை வைத்தார். நான்கு அங்குலம். தகடு நீண்டது, உட்கார்ந்தது, கதவு திறந்தது.

"யாரும் என் சக்கரத்தைத் தொடாதீங்க" என்றார் தையலக்கா.

"தொடுறதுக்குக் கை ஏது? எல்லாக் கையும் ரயில்ல இருக்கு" என்றார் அண்ணன்.

அவர் தன் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி, கண்ணாடி வழியாக ஊரைப் பார்த்தார். ரயில் இறங்கித் தண்டவாளத்தில் உட்கார்ந்து நகர்ந்தபோது ஊர் கையசைத்தது, ஆனால் ஒரு கைவிரல்கூட அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லோருடைய நீளச் சட்டைக் கையும் நான்கு அங்குலம் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. ஊரின் கைகள் சமமாகிவிட்டன. "ஐயோ, ஊர் பூரா மடிச்சுத் தைக்கணுமே" என்பதுதான் ரயிலில் அவர் சொன்ன முதல் வார்த்தை. பிறகுதான் அழுதார், நகரம் வரும்வரை அழுதார், எட்டரைக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் நல்லவையே. அரை மணிக்கு ஒரு ரயில் வந்தது. பிரசவ வலி எடுத்தவர்கள் நாற்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். கணக்கு வாத்தியார் வந்தால் நிற்க மாட்டார் என்ற பெயர் பெற்ற பள்ளிக்கூடத்துக்கு மூன்று கணக்கு வாத்தியார்கள் தினமும் ரயிலில் வந்து போனார்கள். காய்கறி வாடாமல் சந்தைக்குப் போனது. இருபத்தாறு பெண்கள் நர்ஸிங் படித்தார்கள். அண்ணன் தம்பி வழக்கை வாபஸ் வாங்கினார்கள். பேசிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டதால் இப்போது சத்தம்தான் தாங்கவில்லை. வாலிபால் கோப்பை வெளியூர் போனது, அது ஒன்றுதான் நஷ்டம். ரெடிமேட் கடைக்காரர் திரும்பி வந்தார். அறுபது அடியை இடிக்க ஆட்கள் வந்தபோது தேவைப்படவில்லை. அந்த ஸ்டேஷனில் ரயில் நின்றதும் தானாகவே நான்கு அங்குலம் எழுந்து, ஆட்கள் ஏறியதும் இறங்கிக்கொள்கிறது. முன்பெட்டிகளின் தகடுகள் அதற்கேற்ப வளைந்து கொடுக்கின்றன. ரயில்வே அதை ஆராய்ந்து, நிற்கும் நேரத்தை இரண்டு நிமிடம் பத்து விநாடி என்று மாற்றி அட்டவணை போட்டது. ஊர்க் குழந்தைகள் எல்லா ஊரிலும் ரயில் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தையலக்கா ஆஸ்பத்திரியில் துணி வெட்டுவதோடு நிற்கவில்லை. புதுக் கால் பொருத்தியவர்கள் முதல் அடி வைக்கப் பயந்து அவருடைய மேசையைத்தான் பிடிப்பார்கள். அவர் நாற்காலியிலிருந்தே கையை நீட்டி, "பிடிச்சுக்கோங்க, வாங்க" என்பார். மூன்று வருடத்துக்குப் பிறகு ஒருநாள் காலை, தனக்கு ரவிக்கை வெட்ட உட்கார்ந்து அளவெடுத்தபோது, வலது கை இடது கையைவிட நான்கு அங்குலம் நீளமாக இருந்தது. முழங்கைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார், அவரும் முழம் போட்டுப் பார்த்து ஆமாம் என்றார். தையலக்கா ஆணியிலிருந்து பழைய காகித அளவு ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, அதன்படி வலது கையை வெட்டி முடித்துவிட்டு ஏழு நாற்பது ரயிலுக்குக் கிளம்பினார்.