ஆய்வுப் படம்

வீட்டுக்கடனின் அடுத்த தவணையை விடுவிக்க வேண்டுமென்றால் வங்கி அதிகாரி கட்டடத்தோடு நிற்கும் படம் வேண்டும். அதற்காகத்தான் அஸ்ஃபியா திசையன்விளைக்கு வந்திருந்தாள். மூன்று வருடம் கட்டடப் பொறியாளராக இருந்தவள். வெயிலில் கருத்தது போதும் என்று உம்மா நச்சரித்த நச்சரிப்பில் பரீட்சை எழுதி வங்கிக்கு மாறினாள். இப்போது ஏசி அறையும் முத்திரைக் கட்டையும்தான்.

முந்தின நாள் கான்கிரீட் போட்ட மேல்தளத்தில் ஏறிப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. தண்ணீர் தேங்கி நிற்க வேண்டிய பாத்திகள் காய்ந்து கிடந்தன.

“கொத்தனாரு கோயில் கொடைக்குப் போயிட்டாரு மேடம். நாளைக்கு விட்டுக்கிடலாம்லா?” என்றாள் வீட்டுக்காரி சுடலைவடிவு.

“நாளைக்கா? தளம் கீறல் விட்டுரும்க்கா. மோட்டாரப் போடுங்க!”

“ஐயோ, நீங்க என்னத்துக்குக் குழாயப் பிடிக்கிய?”

அஸ்ஃபியா செருப்பைக் கழற்றி எறிந்திருந்தாள். சூடான சிமெண்டில் தண்ணீர் விழுந்து கிளம்பிய வாசனையை நெஞ்சு நிறைய இழுத்தாள். பாத்திகள் நிறைந்த பிறகும் குழாயை விட மனம் வரவில்லை. கீழே நின்று சுடலைவடிவு எடுத்த படத்தையே அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

வள்ளியூர் திரும்பும் பேருந்தில் இருந்தபோது மேலாளர் போனில் கூப்பிட்டார்.

“படத்துல கட்டடம் இருக்கு. தண்ணி விடுத சித்தாளு ஒருத்தி நிக்கா. நீ எங்கம்மா?”

அஸ்ஃபியா அந்தப் படத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.

“அங்கனதான் சார் நிக்கேன்.”