மூடியில் எழுதியது

பெரியப்பாவிடம் எரு அறிக்கையைக் கொடுத்து இன்றோடு பத்தொன்பது நாள். அது தப்பு என்று அவளுக்குத் தெரிந்து பதினொரு நாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தோட்டம் தெரிந்தது. எட்டுப் பாத்தி தக்காளி நாற்றில் ஐந்து பாத்தி தீய்ந்திருந்தது. இலைகள் ஓரத்திலிருந்து சுருண்டு, தொட்டால் நொறுங்கும்போல இருந்தன. பெரியப்பா ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். எருவால் மண்ணில் ஏறிய உப்பைக் கழுவிவிடப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"வாங்க சாணி டாக்டர்," என்றார். அவள் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் பேர். குடும்பத்தில் சயின்ஸ் படித்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் கிண்டலுக்குள் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

மாட்டெரு, ஆட்டெரு, கோழியெரு என்று மூன்று பை கொண்டுவந்து, இளநாற்றுக்கு எது ஒத்துக்கும் என்று கேட்டவர் அவர்தான். ஓவன் சூட்டில் எழுத்து அழிந்துவிடும் என்று டப்பாவில் எழுதாமல் மூடியில் எழுதுவது அவள் வழக்கம். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு எருவைக் காயவிட்டாள். மறுநாள் மூடினாள். நைட்ரஜன், உப்பு, காரத்தன்மை எல்லாம் பார்த்தாள். ஆட்டெருவில் நைட்ரஜன் மூன்றரை சதவீதம், கோழியெருவில் அதில் பாதிகூட இல்லை. வழக்கத்துக்குத் தலைகீழாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் யோசித்தாள். அவள் மட்டும் கையெழுத்துப் போட்டு வெளியே போகும் முதல் அறிக்கை அது. இளநாற்றுக்குக் கோழியெரு ஒத்துக்கும் என்று எழுதிப் போட்டுவிட்டாள்.

பிறகு ஒரு காலையில் டப்பாக்களைக் கழுவ எடுத்தபோது, 'ஆடு' என்ற மூடி போட்டிருந்த டப்பாவின் அடியில் வெள்ளையாக ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது.

"இத்தனை வருஷமா எரு அள்ளுற கை," என்றாள் வாசலில் நின்ற பெரியம்மா. "கோழி எரு சுடும்னு இவருக்குத் தெரியாதா? பேப்பரப் பாத்ததும் புத்தி மாறிப்போச்சு."

"பேப்பர் என்ன பண்ணும்? நாந்தான் அளவில்லாம அள்ளிப் போட்டுட்டேன். போட்டுப் பத்து நாள்தான் ஆகுது, பாரு கோலத்த."

அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். இறகு அதற்குள்தான் இருந்தது.

"பேப்பர்தான் தப்பு, பெரியப்பா. நான் மூடிய மாத்திப் போட்டுட்டேன். ஆட்டோட கணக்கு கோழிக்குப் போயிடுச்சு."

பெரியப்பா குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றினார். மாற்றியபின் சிரித்தார்.

"கேட்டுக்கடி. என் புத்தி சரியாத்தான் இருந்திருக்கு."

"ஆமா, இருந்த புத்திய பேப்பருக்குக் குடுத்துட்டீங்க," என்று பெரியம்மா உள்ளே போனாள். "வெயில்ல நிக்காம வாடி, சாப்பிடலாம்."

அவர் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். பழுப்பேறியிருந்தது. அவளிடம் காட்டாமல் வரப்பில் போட்டார்.

"கை தவறுறது எல்லாருக்கும் வர்றதுதான்மா. தெரிஞ்சதும் மறைக்காம ஓடி வந்த பாரு, அது போதும் எனக்கு."

இதோடு விட்டுவிடலாம். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. போய் உட்கார்ந்து சாப்பிடலாம். அடுத்த முறையும் அவர் பை கட்டிக் கொண்டுவருவார், சாணி டாக்டர் என்பார்.

அவர் கையிலிருந்த குழாய் ஒரே இடத்தில் பாய்ந்து மண்ணைக் குழித்துக்கொண்டிருந்தது. ஒரு நாற்று மெல்லச் சாய்ந்து தண்ணீரில் மிதந்தது.

"தெரிஞ்சதும் வரல, பெரியப்பா."

அவர் நிமிர்ந்தார்.

"நாளைக்கு எரு போடலாமான்னு சாயங்காலம் போன் பண்ணீங்களே. மேலதிகாரி எதிர்ல உக்காந்திருந்தாரு. பேப்பர்ல இருக்கிறபடி போடுங்கன்னு சொன்னேன். அன்னிக்குக் காலையிலயே எனக்குத் தெரியும்."