வில்ஃப் ஆக்டன் நகர மறுத்த சுரம்

1

"நடுவுல நிக்கிற தாத்தாவுக்குப் பாட்டு தெரியாதா? ஏன் ஒரே சத்தத்தையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு?"

இந்தக் கதைக்கு வித்து இந்தக் கேள்விதான். கேட்டவள் ஐவி, ஆறு வயது. கேட்ட இடம் இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்கூடம், மூன்று தாத்தாக்கள் பாட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது. ஞாயிறுதோறும் அங்கே தேநீர்க் கோப்பை கழுவுகிறவன் நான். ஊரில் பேசுவதெல்லாம் என் காதில் விழும். அன்றைக்கு அது அந்த நடுத் தாத்தா, வில்ஃப் ஆக்டன் காதிலும் விழுந்துவிட்டது. வில்லங்கம் அங்கேதான்.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'மலைமுகட்டில் மழைமேகங்கள் திரண்டு...' எங்கள் ஊரில் மழை ஒரு செய்தியா? அடித்துவிட்டேன்.)

2

வில்ஃப், ஹெட்லி, க்ளைவ் மூவரும் பள்ளித் தோழர்கள். 1967இல் ராக் இசைக்குழு நடத்தினார்கள். வட இங்கிலாந்து முழுக்கப் பாடிய அவர்களின் ஒரே பாட்டு, 'பதினேழாம் நம்பர் பஸ்'. எழுதியவர் ஹெட்லி. (தேடிப் பார்க்க வேண்டாம். பாட்டும் என் கற்பனை.) காதலி பஸ் ஏறிப் போய்விடுகிறாள், பையன் நிறுத்தத்தில் நிற்கிறான். அவ்வளவுதான் பாட்டு.

ஆனால் பல்லவியைக் கவனியுங்கள். க்ளைவின் குரல் மேலே ஏறும். ஹெட்லியின் குரல் கீழே இறங்கும். வில்ஃப் நடுவில் ஒரே சுரத்தில் நிற்பார். அவருக்கு அடியில் கிதாரில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே போகும். முதல் கூட்டில் அந்தச் சுரம் சொந்த வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். இரண்டாவதில் அதே வீட்டில் விளக்கு அணைந்த மாதிரி இருக்கும். மூன்றாவது, யாரும் எதிர்பார்க்காதது. சுரம் அந்நியர் வீட்டு வாசலில் நிற்கும். நான்காவதில் வீடு திரும்பும். அப்போதுதான் நமக்கு உறைக்கும்: அது எங்கும் போகவேயில்லை, உலகம்தான் அதைச் சுற்றி நகர்ந்தது. நிறுத்தத்தில் நிற்கும் பையன் அந்தச் சுரம்தான்.

இதை வில்ஃபிடம் யாரும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் ஒருவரை முகத்துக்கு நேரே புகழ்வது, சந்தையில் வைத்து அவர் வேட்டியை*

* கால்சட்டை என்று படிக்கவும். எங்கள் ஊரில் வேட்டி இல்லை.

உருவுவதற்குச் சமம். இங்கே உச்சபட்சப் பாராட்டு "மோசமில்ல". ஐம்பது ஆண்டுகளில் வில்ஃபுக்கு அது இரண்டு முறை கிடைத்தது. இரண்டும் அவர் தோட்டத்து வெங்காயத்துக்கு.

3

சனிக்கிழமை, பாட்டின் ஐம்பதாவது ஆண்டு நிகழ்ச்சி. வியாழன் ஒத்திகையில் வில்ஃப் மேல்கோட்டைக் கழற்றவில்லை.

"எனக்கும் ஒரு மெட்டு வேணும்," என்றார்.

"என்னடா திடீர்னு?" என்றார் க்ளைவ்.

"அம்பது வருஷமா வேலிக் கம்பு மாதிரி நிக்க வச்சிருக்கீங்க. ஒரு சின்னப் பொண்ணுக்குப் புரியுது, எனக்குத்தான் புரியல. பாடத் தெரியாதவனுக்குக் குடுத்த சுரம்டா அது."

"சரி, உனக்குப் பிடிச்ச மாதிரி பாடித் தொலை," என்றார் ஹெட்லி. அது தப்பு.

வில்ஃப் பாடினார். ஏறினார், இறங்கினார், க்ளைவோடு இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டார். பியானோவில் இருந்த ஹெட்லியின் மனைவி டோரீன் கையை எடுத்துவிட்டாள்.

"பஸ் ஸ்டாப்பே பஸ் பின்னாடி ஓடுற மாதிரி இருக்கு," என்றாள்.

வில்ஃப் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மற்ற இருவரும் அவர் இல்லாமல் பாடிப் பார்த்தார்கள். மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல், நடுவே ஓர் ஓட்டை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் கிதாரைப் பெட்டியில் வைத்தார்கள்.

4

இந்த இடத்தில் எனக்கு ஹெட்லி மேல் சந்தேகம் வந்தது. அவர் முகத்தில் வருத்தத்தைவிடக் குற்ற உணர்ச்சிதான் அதிகம் தெரிந்தது. ஒரு பாத்திரத்தை எழுதுகிறவனே சந்தேகிப்பது நல்லதல்ல, ஆனாலும் கேட்டேன். சொல்லிவிட்டார்.

1967இல் ஹெட்லி நடுக்குரலுக்கு அழகாக நெளிந்து போகும் மெட்டுதான் எழுதியிருந்தார். முதல் முறை பாடும்போது வில்ஃப் அதை மறந்துவிட்டார். மறந்ததைக் காட்டிக்கொள்ளாமல், கண்ணை மூடி, முதல் சுரத்தையே பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவதற்குப் பதிலாக ஹெட்லியின் விரல்கள் அந்தச் சுரத்துக்கு ஏற்பக் கூட்டுகளை மாற்றின. பாட்டு அங்கேதான் பிறந்தது. 'என்ன மூளை ஹெட்லிக்கு' என்று பத்திரிகைகள் எழுதின. ஹெட்லி மறுக்கவில்லை.

(கடவுள் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறார் என்பது என் எண்ணம். மறதிக்காரனிடம் ஒரு சுரத்தைக் கொடுத்து, அவன் பக்கத்தில் ஒரு — இல்லை, இது பிரசங்கம். போதகர் கோபித்துக்கொள்வார்.)

5

வெள்ளி காலை ஹெட்லி கிதாரோடு வில்ஃப் வீட்டுக்குப் போனார். கால் மணி நேரம் வெங்காயம் பேசினார்கள். பிறகு கொஞ்சம் மழை.

"வில்ஃப், நான் வந்தது எதுக்குன்னா..."

"டீ போடறேன்," என்று வில்ஃப் சமையலறைக்குள் போய்விட்டார்.

ஹெட்லி கிதாரை எடுத்தார். பல்லவியின் கூட்டுகளை ஒவ்வொன்றாக, நடுச் சுரத்தை மட்டும் தொடாமல், மெதுவாக மீட்டினார். மூன்றாவது கூட்டில் நிறுத்திக் காத்திருந்தார்.

கெட்டிலில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. உள்ளேயிருந்து, தன்னை அறியாமல், வில்ஃப் அந்தச் சுரத்தை முனகினார்.

"கேட்டியா?" என்றார் ஹெட்லி, சுவரைப் பார்த்து. "அன்னிக்கு நீ பாட்ட மறந்துட்டு நின்ன. நான் உன் காலுக்குக் கீழ தரைய மாத்திப் போட்டேன், அவ்வளவுதான். பேர் எனக்கு வந்துச்சு. பாட்டு உன்னோடது."

உள்ளே கோப்பைகள் உரசும் சத்தம், பிறகு வில்ஃபின் குரல்.

"மறந்தது உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"சக்கரை ஒண்ணா ரெண்டா?"

"ரெண்டு."

கோப்பை வந்தது. வில்ஃபின் கண் ஓரம் சிவந்திருந்தது. கெட்டிலின் ஆவி என்று வைத்துக்கொள்வோம்.

"நாளைக்கு எத்தன மணிக்கு?" என்றார்.

"மூணு."

6

முடிவுகள்.

அ) மேடையில் ஹெட்லி எல்லோர் முன்னிலும் உண்மையைச் சொல்கிறார், கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. இதை எழுதினேன். அந்த இடத்திலேயே வில்ஃப் கூச்சத்தில் செத்துப்போனார். கிழித்துவிட்டேன்.

ஆ) ஐவி வந்து மன்னிப்புக் கேட்கிறாள். எதற்கு? அவள் ஒருத்திதான் நடுக்குரலை உற்றுக் கேட்டவள்.

இ) சனிக்கிழமை நண்பகல். கூடத்தில் நூற்றிருபது நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் அச்சடித்த நிகழ்ச்சித் தாள்: 'பாடல், இசை: ஹெட்லி பிக்கப்'. ஹெட்லி தனியாக வருகிறார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கிறார். எங்கள் ஊரில் இதையெல்லாம் வாயால் சொல்ல முடியாது, எழுதலாம். முதல் தாளை முழங்காலில் வைத்து, தன் பெயருக்கு முன்னால், சின்ன எழுத்தில்...

மன்னிக்கவும். யாரும் பார்க்கக்கூடாது என்றுதான் அவர் இந்த நேரத்தில் வந்திருக்கிறார். நான் நின்றால் நானே சாட்சியாகிவிடுவேன். கோப்பை கழுவப் போகிறேன். நீங்களும் என்னோடு வெளியே வாருங்கள். கதவை மெல்லச் சாத்துங்கள். வில்ஃப் தாளைப் பார்த்தாரா, பார்த்து என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்வேன்: மொத்தம் நூற்றிருபது தாள், ஹெட்லிக்கு எழுபத்திரண்டு வயது, விரல்களில் மூட்டுவாதம்.

அவசரப்படுத்தாதீர்கள்.