இருபத்தெட்டு நாள்

"யாருப்பா இந்த டையைக் கட்டிவிட்டது? தூக்குக் கயிறு மாதிரி இருக்கு" என்றார் என் கணவர் டாரியோ.

"என் பொண்டாட்டிதான் பாஸ். அவளுக்கு என் மேல என்ன கோவமோ!" என்று சிரித்தான் ரோடெல்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணினித் திரையில் தீர்ப்பாய உறுப்பினரான பெண்மணி வந்துவிட்டார். நரைத்த கிராப்பு, அவசரமே இல்லாத முகம். கிரிஃபித்தில் ஒயின் தொட்டி செய்யும் எங்கள் பட்டறையில் ஏழு வருடமாக வெல்டராக இருப்பவன் ரோடெல். அவன் ஆஸ்திரேலியாவிலேயே நிரந்தரமாகத் தங்குவதற்காக முதலாளிகள் என்ற முறையில் நாங்கள் போட்ட விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. மேல்முறையீட்டில் இன்று விசாரணை. இதுவும் தோற்றால் அவனும் மனைவியும், இங்கே நான்காம் வகுப்பு படிக்கும் மகளும் பிலிப்பைன்ஸுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"உங்களுக்கு உண்மையிலேயே வெல்டர் தேவையான்னு ஆதாரம் கேட்டு ரெண்டு வருஷம் முன்னாடி குடியேற்றத் துறையிலருந்து மெயில் வந்திருக்கு. இருபத்தெட்டு நாள் டைம். நீங்க பதிலே போடல. ஏன் மிசஸ் போர்ட்டொலாஸோ?" என்று என்னைக் கேட்டார் உறுப்பினர்.

ஏன்? மெயிலை வந்த மறுநாளே படித்தேன். கேட்ட ஆர்டர் காகிதமெல்லாம் கைக்கெட்டும் அலமாரியில்தான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் கொல்லையில் இறைச்சி சுட்டுக்கொண்டே ரோடெல் சொல்லியிருந்தான், விசா வந்ததும் பிரிஸ்பேனுக்கு, தங்கச்சி வீட்டுப் பக்கம் போய்விடுவேன் என்று. திராட்சை அறுவடைக்குள் முடிக்கப் பதினான்கு தொட்டிகள். இவன் போனால் யார் பற்றவைப்பது? விசா கொஞ்ச நாள் தள்ளிப்போகட்டும், அதுவரை எங்களிடமே இருப்பான், அவ்வளவுதான் நினைத்தேன். அடியோடு மறுப்பார்கள் என்று சத்தியமாகத் தெரியாது.

"தப்பு என்மேலதான் மேடம்" என்று ரோடெல் குறுக்கே புகுந்தான். "என் வெல்டிங் சர்டிஃபிகேட் லேட்டா வந்துச்சு. அதுக்காகத்தான் இவங்க காத்திருந்தாங்க. பாவம், இவங்களைக் கோவிச்சுக்காதீங்க."

அவனிடம் நான் சொல்லிவைத்த கதை அது. இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறான்.

"அப்படியா?" என்று உறுப்பினர் என்னைப் பார்த்தார்.

மேஜைக்கடியில் டாரியோவின் கால் என் காலை இடித்தது. அவருக்கும் தெரிந்தது அந்தக் கதைதான். தலையை ஆட்டினால் போதும். உண்மையைச் சொன்னால் எங்கள் பேச்சு எதையுமே நம்பாமல் போகலாம். அப்போதும் போவது அவன் வாழ்க்கைதான், என்னுடையது அல்ல. நான் திணறுவதைப் பார்த்து, பயப்படாதீங்க என்பதுபோல ரோடெல் என்னைப் பார்த்துப் புன்னகைத்தான்.

அந்தப் புன்னகையைத்தான் தாங்க முடியவில்லை.

"இல்லைங்க. சர்டிஃபிகேட் முன்னாடியே வந்துருச்சு. மெயிலும் நான் படிச்சேன். இவன் எங்களை விட்டுப் போயிடக் கூடாதுன்னு... வேணும்னேதான் அனுப்பல."

"நெல்லா!" என்று என்னை அதட்டினார் டாரியோ.

உறுப்பினர் குனிந்து எழுதத் தொடங்கினார். பக்கத்தில் நாற்காலி தரையில் உரசும் சத்தம். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் திரையையே பார்த்தேன். மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த எங்களைக் காட்டும் சின்னக் கட்டத்தில், ரோடெலின் முகம் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து, பாதியாகி, தோள் மட்டுமாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது.